தொப்பென்று விழுந்தது எந்த மரத்தடியில்?

பனம்பழக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் உறங்குகிறவர்களின் காது பாதி விழித்தே இருக்கும். இருளில் "தொப்" என்று ஒரு சத்தம். எந்த மரத்தடி? ஒரு வீட்டுக்காரர் கேட்டது மட்டும் போதாது. மெல்லிய சத்தம் தூரத்தில் விழுந்த பெரிய பழமாகவும் இருக்கலாம், கிட்ட விழுந்த சிறிய பழமாகவும் இருக்கலாம். ஒழுங்கையோரம் ஐந்தாறு வீட்டுக்காரர் கேட்டதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் பலமாகக் கேட்டு அடுத்த வீட்டிலேயே தேய்ந்துவிட்டால், பழம் வேலியோரம். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டால், அது தூரத்துக் காணி.

மூளைக்குள் ஒரு நரம்புக்கலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். கலங்களின் மின்துடிப்பைப் பதிய மூளைக்குள் செருகும், 2017 இல் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் ஊசியின் அகலம் 70 மைக்ரோமீற்றர், ஏறக்குறைய ஒரு தலைமயிர். அதில் 960 மின்வாய்கள். ஒரே வேளையில் 384 இலிருந்து பதியலாம். அருகில் ஒரு கலம் துடித்தால், ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் நேரம், பல மின்வாய்களில் மின்னழுத்தம் சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோற்று வரை இறங்கி மீளும். ஒலி தூரத்து வீட்டுக்குப் பிந்திப் போய்ச்சேரும். மின்புலமோ எல்லா மின்வாய்களையும் ஒரே கணத்தில் தொட்டுவிடும். ஆகவே நேர வித்தியாசம் உதவாது. அளவின் வித்தியாசம்தான் துப்பு.

கலத்தை ஒரு புள்ளியாகக் கொண்டால், தூரம் இரட்டித்தால் மின்னழுத்தம் பாதியாகும். கலத்துக்கு நேர் எதிரே ஒரு மின்வாய், 40 மைக்ரோமீற்றர் தள்ளி இன்னொன்று. கலம் 20 மைக்ரோமீற்றர் தூரத்தில் இருந்தால், முதலாவதில் 100 பதியும்போது அடுத்ததில் 45 தான். 100 மைக்ரோமீற்றர் தூரத்தில் இருந்தால் 93! இந்தச் சரிவுக்குள் தூரம் ஒளிந்திருக்கிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கலத்தின் இடத்தைக் குறிக்கும் மூன்று ஆள்கூறுகளையும் துடிப்பின் வலிமையையும் கணினி ஊகித்து, எல்லா மின்வாய்களின் பதிவோடும் பொருந்தும்வரை அவற்றைத் திருத்துகிறது.

பதிவின் அளவுக்கேற்ப மின்வாய்களின் இடங்களைச் சராசரி எடுப்பது இதைவிட எளிது. ஆனால் அந்தச் சராசரி எப்போதும் ஊசியின் மேலேயே வந்து விழும். கலம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அது சொல்லாது. உண்மைக் கலமும் புள்ளி அல்ல. கலத்தின் உடலில் நுழைந்த மின்னோட்டம் அதன் கிளைகள் வழியே வெளியேறுவதால், தொலைவில் மின்னழுத்தம் இன்னும் விரைவாகத் தேய்கிறது. மின்வாய்கள் ஒரே நேர்வரிசையில் இருந்தால், கலம் இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் பிரித்தறிய முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு? மூச்சோடும் நாடியோடும் மூளை அசைகிறது. தொடக்கத்தில் 50 ஆம் மின்வாயருகே துடித்த கலம், சற்று நேரத்தில் 52 ஆம் மின்வாயருகே துடிக்கும். அதன் இடத்தைத் தொடர்ந்து கணித்துவந்தால்தான், ஒரே கலத்தை இரண்டாக எண்ணாமல் விடலாம்.