நாலு சுரப்பி இருக்கே, ஒன்றைக் கொடுக்கலாமா?

"ஆத்தாளுக்கு என் சுரப்பியில ஒண்ணை எடுத்து வச்சிடலாமா டாக்டர்? எனக்குத்தான் நாலு இருக்கே!" காரைக்குடியில் நான் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் இப்போது இந்தக் கேள்வி வருகிறது. தைராய்டு அறுவைக்குப் பிறகு பாராதைராய்டு சுரப்பிகள் வேலை செய்யாமல்போன அம்மாவுக்காகக் கேட்பது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கணக்கு சரிதான். பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டின் பின்புறம் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்பவை இவைதான். ஒன்றை எடுத்தாலும் மற்ற மூன்று போதும். ஆனால் சிக்கல் கொடுப்பவரிடம் இல்லை, வாங்கிக்கொள்ளும் உடம்பில்தான்.

தைராய்டை முழுதாக எடுக்கும்போது இந்தச் சுரப்பிகளும் கூடவே வந்துவிடலாம், அல்லது அவற்றுக்கான ரத்த ஓட்டம் அறுந்துபோகலாம். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஒரு வருடம் தாண்டியும் மீளவில்லை என்றால் நிரந்தரம் என்று வைத்துக்கொள்கிறோம். ரத்தத்தில் கால்சியம் இறங்கும், பாஸ்பேட் ஏறும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுத்துக்கொள்வது, முற்றினால் வலிப்பு.

தானமாகப் பெற்ற திசுவை வைப்பது கற்பனை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தச் சுரப்பிகள் வீங்கிப்போய், அறுவை செய்து எடுக்க வேண்டிவரும். அப்படி எடுத்த திசுவை, அவர்கள் சம்மதத்தோடு, தொற்று இல்லை என்று பரிசோதித்து, பொடிப்பொடியாக நறுக்கியோ செல்களாகப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தோ, வேறொருவரின் முன்கைத் தசையில் வைக்கிறார்கள். போலந்திலும் துருக்கியிலும் செய்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்து வைத்ததும் உண்டு.

வைப்பது சுலபம், நிலைப்பதுதான் கஷ்டம். அன்னியத் திசுவை உடம்பு விரட்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து இல்லாமல் வைத்தால், பலருக்குச் சில மாதங்களில் வேலை நின்றுவிடுகிறது. சரி, மருந்து கொடுக்கலாமே? டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் தொற்றுக்கு வழி விடும், சர்க்கரையை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்சியம் சிகிச்சையில் கல் உருவாகாமல் நாம் காப்பாற்றப் பார்ப்பதும் அதே சிறுநீரகத்தைத்தானே! அதனால் ஏற்கெனவே மாற்றுச் சிறுநீரகம் வைத்து இந்த மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு, மாத்திரை சாப்பிட்டும் கால்சியம் ஏறாமல் போனால், இதை யோசிப்பதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு இது இன்னும் சோதனை நிலைதான் என்பேன். நம் நாட்டில் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் 2011 திருத்தத்துக்குப் பிறகு திசுக்களுக்கும் பொருந்தும். பணம் பேசி ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது வந்தால் அது குற்றம்.

பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆச்சி மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்கள்? தேவகோட்டை ஆச்சி ஒருவர் காலையில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை), கால்சியம், கேஸ் மாத்திரை மூன்றையும் ஒரே வாயில் காபியோடு முழுங்கிக்கொண்டிருந்தார். கால்சியம் தைராக்சினைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதைத்தான் கேஸ் மாத்திரை குறைக்கிறது. கால்சியம் மாத்திரையை, அமிலம் அவ்வளவாகத் தேவைப்படாத கால்சியம் சிட்ரேட்டாக மாற்றி, மூன்று வேளைச் சாப்பாட்டோடு பிரித்துக் கொடுத்ததும் மதமதப்பு அடங்கியது. மக்னீசியம் குறைந்திருந்தாலும் கால்சியம் ஏறாது, அதையும் பார்க்க வேண்டும்.

வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி மட்டும் போதும் என்று நம்புகிறார்கள். பாராதைராய்டு ஹார்மோன் இல்லாமல் சிறுநீரகத்தால் அதைச் சரியாகச் செயல்பட வைக்க முடியாது. ஏற்கெனவே செயல்படும் நிலையில் இருக்கும் வைட்டமின் டியான கால்சிட்ரியால் வேண்டும். ஆட்டுக்கால் சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். பால் குடிக்கலாம், ஆனால் அதில் பாஸ்பேட்டும் வரும், மாத்திரைக்குப் பதிலாகாது. அப்புறம், ரத்தக் கால்சியத்தைப் பத்துக்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) ஏற்றியே தீருவேன் என்று அடம்பிடிக்கக் கூடாது. எட்டு, எட்டரை அளவில் மதமதப்பு இல்லாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் துரத்தினால் சிறுநீரில் கால்சியம் வழிந்து கல் உருவாகும். இதற்காகத்தான் அவ்வப்போது 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். எல்லோரும் சலித்துக்கொள்ளும் பரிசோதனை, ஆனாலும் செய்யுங்கள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, குறைந்த ஹார்மோனையே தினம் ஊசியாகப் போடும் மருந்தும் வந்திருக்கிறது. பாலோபெக்டெரிபாரடைடு என்ற அந்த ஊசிக்கு 2023-ல் ஐரோப்பாவும் 2024-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

இன்னும் தைராய்டு அறுவை ஆகாதவர்கள் கேட்க வேண்டிய மாற்று சிகிச்சை வேறு. அறுவையின்போது சுரப்பி தவறிக் கையோடு வந்துவிட்டாலோ ரத்த ஓட்டம் இழந்துவிட்டாலோ, அதை நறுக்கி அதே ஆளின் தசைக்குள் அங்கேயே வைத்துவிடலாம். சொந்தத் திசு, உடம்பு விரட்டாது. சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்கும். "பாராதைராய்டைப் பார்த்துக் காப்பாற்றுவீர்களா, தேவைப்பட்டால் தசையில் வைப்பீர்களா, மறுநாள் கால்சியம் பார்ப்பீர்களா" என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் மாத்திரையை முடிச்சில் கட்டாமல் கிளம்ப வேண்டாம். வழியில் வாந்தி, பேதி வந்து மருந்து தங்காமல் போய் விரல் இழுத்துக்கொண்டால், அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் "எனக்குப் பாராதைராய்டு இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். கால்சியம் குளுக்கோனேட்டை ஈசிஜி பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றுவார்கள்.