கல்லுப்பு வேறு, உப்புப்பாறை வேறு

போலந்தின் வீலிச்கா சுரங்கத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். 327 மீட்டர் ஆழம் வரை இறங்கும் சுரங்கம் அது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கி 1996 வரை உப்பு எடுத்திருக்கிறார்கள். 1978இலேயே யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குரல் கொடுத்தவர் தொடக்கம் முதல் கடைசி வரை அதைக் "கல்லுப்புச் சுரங்கம்" என்றே சொன்னார். இது முதல் முறையும் அல்ல. செய்திகளிலும் பாடக் குறிப்புகளிலும் 'ராக் சால்ட்' என்று வந்தால் 'கல்லுப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுரங்கத்திலிருந்து கல்லுப்பு வராது. கல்லுப்பு உப்பளத்தில் விளைவது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சோடியம் குளோரைடு இயற்கையில் கனிமமாகக் கிடைக்கும்போது அதற்கு ஹாலைட் என்று பெயர். கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. 1847இல் க்ளோக்கர் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் சூட்டிய பெயர் இது. கனசதுரப் படிகம், உடைத்தாலும் கனசதுரமாகவே உடையும், கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை குறிக்கும் மோஸ் அளவில் இரண்டரையைத் தாண்டாது. இந்தக் கனிமம் அடுக்கடுக்காகப் படிந்து, புதைந்து, இறுகிப் பாறையானால் அந்தப் பாறைக்குத்தான் ஆங்கிலத்தில் ராக் சால்ட் என்று பெயர். கனிமம் ஒன்று, பாறை ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத கலைச்சொல்லால் நிலவியலுக்குப் பயனில்லை.

கல்லுப்பு என்பாருக்கு இரண்டு வாதங்கள் உண்டு. 'ராக்' என்றால் கல், 'சால்ட்' என்றால் உப்பு, சேர்த்தால் கல்லுப்பு என்பது முதலாவது. இரண்டும் ஒரே சோடியம் குளோரைடுதானே என்பது அடுத்தது.

முதல் வாதம் தமிழின் சொல்லமைப்பைக் கவனிக்கவில்லை. கல்லுப்பில் உள்ள 'கல்' பிறந்த இடத்தைச் சொல்லவில்லை, வடிவத்தைச் சொல்கிறது. தூளாக இல்லாமல் கற்கள் போலக் கட்டியாக இருக்கும் உப்பு அது. கற்கண்டில் இருப்பதும் அதே கல்தான். கற்கண்டைப் பாறையில் வெட்டி எடுக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. இந்த வழக்கு நேற்று வந்ததும் அல்ல. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் பரதவர் கழிநிலத்தில் "உழாஅது செய்த வெண்கல்" உப்பு வருகிறது. உழாமல் விளைவித்தது என்றால் அது உப்பளத்து உப்பு. சங்க காலம் தொட்டுக் கடலுப்பைச் சுட்டி வரும் சொல்லை எடுத்துச் சுரங்கத்து உப்பின் தலையில் வைத்தால், கடலுப்பைச் சொல்ல வேறு சொல்லுக்கு எங்கே போவது?

ஆங்கிலத்திலேயே ராக் சால்ட் என்பதைப் பருமணியான எந்த உப்புக்கும் தளர்வாகச் சொல்லும் பழக்கம் உண்டு. குழப்பம் அங்கிருந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம். அவர்களுடைய தளர்வை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இரண்டாவது வாதம் இன்னும் பலவீனமானது. மணலும் மணற்கல்லும் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம்தான். அதனால் மணற்கல்லை மணல் என்று சொல்லிவிடலாமா? பாறை என்பது சேர்மானத்தோடு வரலாறும் சேர்ந்தது. கடலிலிருந்து பிரிந்த நீர்ப்பரப்பு வற்றும்போது முதலில் சுண்ணப் படிவு விழும். நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்காகும்போது ஹாலைட். மிஞ்சிய கசப்பு நீரிலிருந்து கடைசியாகப் பொட்டாசியம், மக்னீசியம் உப்புகள் இறங்கும். சில்வைட், கார்னலைட், பாலிஹாலைட் எல்லாம் அந்தக் கடைசிப் படிவுகளைச் சேர்ந்தவை. ஆழத்தில் புதைந்த ஜிப்சம் நீரை இழந்து அன்ஹைட்ரைட் ஆகிவிடும். அதனால்தான் சுரங்கச் சுவரில் உப்போடு அன்ஹைட்ரைட்டும் களிமண்ணும் வரிவரியாகத் தெரிகின்றன. வீலிச்காவின் உப்பு சுமார் 1.35 கோடி ஆண்டு பழையது. பாகிஸ்தானின் கேவ்ரா உப்பு 50 கோடி ஆண்டுக்கும் முந்தையது. வெயிலில் காய்ந்து அதே பருவத்தில் வாரப்படும் கல்லுப்புக்கும் இதற்கும் ஒரே பெயரா?

இன்னொன்றும் உண்டு. இந்தப் பாறை நகரும். மேலே உள்ள பாறைகளின் பாரம் அழுத்த அழுத்தத் திடநிலையிலேயே மெல்ல ஒழுகி, பலவீனமான இடத்தில் மேல்நோக்கிப் பிதுங்கி உப்புக் குவிமாடமாக எழும். வெட்டிய அறைகூட ஆண்டுக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். கேவ்ராவில் 1872 முதல் அறை-தூண் முறையில் பாதி உப்பை எடுத்துவிட்டு மறுபாதியைத் தூண்களாக விட்டுவைப்பதற்குக் காரணம், கூரையைத் தாங்க அந்தப் பாறையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுதான்.

இந்தப் பாறைக்கு நான் சொல்லும் பெயர் உப்புப்பாறை. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை என்று சொல்லும் மரபிலேயே இது வருகிறது: பொருள் முன்னால், பாறை பின்னால். அதிலிருந்து வெட்டி எடுத்த சரக்கைப் பாறையுப்பு எனலாம். சொற்களின் வரிசை மாறியதுமே பொருளும் பிரிந்துவிடுகிறது. இந்த வசதி தமிழில் தானாக அமைந்தது. ஹாலைட்டை அப்படியே ஹாலைட் என்று விடலாம். கனிமங்களின் பெயர்களையெல்லாம் பெயர்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. கார்னலைட் என்பது ருடால்ஃப் ஃபான் கார்னல் என்ற மனிதரின் நினைவாக வைத்த பெயர். அதைத் தமிழாக்கினால் என்ன மிஞ்சும்?

அந்த ஆவணப்படம் "உப்பு நரம்புகள்" என்றும் சொன்னது. நரம்பு என்பது பாறை வெடிப்புக்குள் சூடான கனிம நீர் புகுந்து நிரப்பிய கோடு, தங்கத்துக்குப் பொருந்தும். உப்பு படுக்கையாகப் படிந்தது. உப்புப் படுக்கை என்றோ அடுக்கு என்றோ சொல்ல வேண்டும். எதிரே இருக்கும் பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைப்பதால் வரும் பிழைகள் இவை. அறிவியலை மொழிபெயர்ப்பவர் அந்தப் பாறையின் படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுத உட்கார வேண்டும்.

இந்துப்பு என்ற பழஞ்சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அது அருமையான சொல். சிந்து நாட்டிலிருந்து வந்த உப்பு. வடமொழியில் சைந்தவம் என்பதும் அதே பொருள்தான். சிந்து நாட்டுக் குதிரைக்கும் சைந்தவம் என்றே பெயர். உணவின்போது 'சைந்தவம் கொண்டுவா' என்றால் உப்பு, புறப்படும்போது சொன்னால் குதிரை என்று இடத்தால் பொருள் மாறுவதற்கு எடுத்துக்காட்டாகவே அந்தச் சொல்லைக் காட்டுவார்கள். சித்த மருத்துவத்தின் பஞ்சலவணம் என்ற ஐந்து உப்புகளின் பட்டியலில் இந்துப்பும் கல்லுப்பும் தனித்தனியாக நிற்கின்றன. மருந்து செய்தவர்கள் அவற்றை ஒன்றாகக் கருதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் இந்துப்பு ஊர்ப்பெயர் தாங்கிய சொல். கேவ்ராவின் இளஞ்சிவப்பு உப்புக்கு அது அச்சாகப் பொருந்தும். அதை 'இமயமலை உப்பு' என்று விற்கிறார்கள், அந்தச் சுரங்கம் இருப்பதோ இமயத்துக்குத் தெற்கே தள்ளிக் கிடக்கும் உப்பு மலைத்தொடரில். இமாசலத்தின் மண்டி மாவட்டத்தில் கும்மா, திரங் சுரங்கங்களில் எடுப்பதையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து இந்துப்பு என்று சொல்லலாம். மண்டி வழியே ஓடும் பியாஸ், சட்லெஜில் சேர்ந்து கடைசியில் சிந்துவுக்குத்தான் போகிறது. வீலிச்காவில் வெட்டியதை அப்படிச் சொல்ல வழியில்லை. அது உப்புப்பாறையில் எடுத்த பாறையுப்பு.