பிராஸ் என்செம்பிள்: பித்தளையா, தூம்பா?

டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவிகள் சேர்ந்து வாசிக்கும் குழுவை ஆங்கிலத்தில் 'பிராஸ் என்செம்பிள்' என்பார்கள். அதைப் 'பித்தளை இசைக்குழு' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பித்தளை வெறும் உலோகத்தின் பெயர். செம்பும் துத்தநாகமும் கலந்தது, அவ்வளவுதான். சாக்சபோனும் பித்தளையில் செய்ததுதான், ஆனால் அதன் வாயில் சீவாளி இருப்பதால் மரக்கருவிகளோடு சேர்த்துவிடுகிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாசித்த கார்னெட்டோ என்ற ஊதுகருவி மரத்தில் செய்தது, ஆனாலும் அது பிராஸ் குடும்பம்.

காரணம் உதட்டில் இருக்கிறது. டிரம்பெட்டின் ஊதுவாயை மட்டும் தனியே கழற்றி, உதடுகளை இறுக்கி ஊதிப் பாருங்கள். வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் வரும். அந்த அதிர்வைத்தான் குழாய் வாங்கிப் பெரிதாக்கித் தருகிறது. நம்முடைய சங்கு, கொம்பு, எக்காளம் மூன்றும் இதே வழியில்தான் ஒலிக்கின்றன. வாசித்து முடித்ததும் குழாயின் அடியில் உள்ள சிறு அடைப்பைத் திறந்தால் தண்ணீர் சொட்டும். அதில் பெரும்பகுதி வாசித்தவரின் மூச்சு குளிர்ந்து நீரானது.

இப்படி உதடும் மூச்சும் செய்கிற வேலைக்குத்தான் பெண்கள் லாயக்கில்லை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்திய தேர்வில் அபி கோனன்ட் என்ற பெண் திரைக்குப் பின்னால் நின்று டிராம்போன் வாசித்தார். முதல் டிராம்போன் இடத்துக்குத் தேர்வானார். அப்புறம் அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். தன் நுரையீரலின் திறனை மருத்துவச் சோதனையில் காட்ட வேண்டிய நிலை அவருக்கு வந்தது. பதவிக்கும் சம ஊதியத்துக்குமான வழக்கு 1993 வரை இழுத்தது, வென்றது அவர்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

1987இல் நார்வேயின் ஆஸ்லோவில் பிறந்த டீனே திங் ஹெல்செத் ஏழு வயதில் டிரம்பெட் எடுத்தவர். 2007இல் தோழிகளோடு 'டென்திங்' குழுவைத் தொடங்கினார். பத்துப் பேர், அத்தனை பேரும் பெண்கள். கிரீக், பிஸே போன்ற இசையமைப்பாளர்கள் வேறு கருவிகளுக்கு எழுதியதை இந்தப் பத்துக் கருவிகளுக்கு மாற்றி எழுதி வாசிக்கிறார்கள். பெயரில் 'டென்' என்பது ஆங்கிலப் பத்து, 'திங்' அவருடைய பெயரின் நடுப்பகுதி. பழைய நார்ஸ் மொழியில் 'திங்' என்றால் கூடிப் பேசும் அவை என்று ஒரு பொருள் உண்டு. நார்வே நாடாளுமன்றத்துக்கு இன்றும் 'ஸ்டோர்டிங்', அதாவது பேரவை, என்றே பெயர்.

'என்செம்பிள்' பிரெஞ்சுச் சொல். 'ஒன்றாக' என்று பொருள். நம்மிடம் 'இயம்' இருக்கிறது: வாத்தியம். பல வாத்தியங்கள் சேர்ந்தால் பல்லியம். இந்தக் கருவிகளுக்கு மலைபடுகடாத்தில் ஒரு நல்ல சொல் கிடைக்கிறது: 'களிற்றுயிர்த் தூம்பு'. யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் நீண்ட குழல் என்று பொருள். டிராம்போனின் அடித்தொனியைக் கேட்டவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தூம்பு என்றால் உள்ளே துளையுள்ளது. ஏரியின் நீர்த்தூம்பும் அதே சொல்தான்.

ஆகவே பிராஸ் என்செம்பிளுக்குத் 'தூம்பியம்' என்பது என் பரிந்துரை. டென்திங் போன்ற சிறு குழுவின் இசையை ஆங்கிலத்தில் 'சேம்பர்' இசை என்பார்கள். அதை 'அறை இசை' என்றால் காதில் சரியாக விழவில்லை. சில பேர் மட்டும், ஆளுக்கொரு பகுதியாக வாசிப்பதால் 'சிற்றவை' பொருந்தும். டென்திங்கைப் பற்றி எழுதும்போது முதல் வரியில் மட்டும் 'மகளிர் சிற்றவைத் தூம்பியம்' என்று எழுதுகிறேன். அடுத்த வரியிலிருந்து தூம்பியம் என்பதே போதும்.