139-க்கும் 239-க்கும் நடுவே: கருதுகோள் சோதனையும் நம்பிக்கை இடைவெளியும்

1980களில் அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரி தற்செயலாகத்தான் தீர்மானித்தார்கள். சராசரியாக 5 ஆண்டுகள் கழித்து, 1989-ல் இறுதி முடிவு வெளியானது. ஆஸ்பிரின் எடுத்துக்கொண்ட 11,037 பேரில் 139 பேருக்கு மாரடைப்பு வந்திருந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 11,034 பேரில் 239 பேருக்கு.

சரி, 139, 239. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் அது ஆஸ்பிரினால் வந்ததா, இல்லை எப்படியும் மாரடைப்பு வரவிருந்தவர்களில் அதிகம் பேர் குலுக்கலில் போலி மாத்திரைப் பக்கம் போய்விட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிதான் கருதுகோள் சோதனை. அதன் முதல் அடி கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். நாம் நிரூபிக்க நினைப்பதற்கு நேர் எதிரானதை உண்மை என்று வைத்துக்கொள்கிறோம். ஆஸ்பிரினால் ஒரு மாற்றமும் இல்லை. இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அப்படியானால் மொத்தம் 139 + 239 = 378 பேருக்கும் எந்த மாத்திரை கொடுத்திருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கும், அவர்களில் ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் விழுந்தார் என்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஆக கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு நாணயத்தை 378 முறை சுண்டினால் தலை 139 முறைதான் விழும் என்பது எவ்வளவு அரிது?

இதைக் கையாலேயே கணக்குப் போடலாம். எதிர்பார்ப்பது பாதி, அதாவது 189. ஆனால் சரியாக 189 விழாது, கொஞ்சம் கூடும் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் திட்ட விலக்கம். நாணயத்துக்கு அது சுண்டிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. 378-ன் வர்க்கமூலம் ஏறத்தாழ 19.4, பாதி 9.7. இருபக்கமும் இரண்டு திட்ட விலக்கம் தள்ளினால் 170-லிருந்து 208 வரை, 100-க்குச் சுமார் 95 தடவை இதற்குள்ளேயே விழுந்துவிடும். நமக்குக் கிடைத்திருப்பதோ 139. எதிர்பார்த்ததிலிருந்து 50 குறைவு, ஐந்து திட்ட விலக்கத்துக்கும் மேல்! இவ்வளவோ இதைவிட அதிகமோ விலகுவது வெறும் தற்செயலில் நடக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த வாய்ப்புதான் பி மதிப்பு. இது இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, நாம் முதலில் வைத்துக்கொண்ட "மாற்றமே இல்லை" என்பதைக் கைவிடுவதுதான் நியாயம்.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் அதைப் படிப்பதில் வருகிறது, படித்தவர்களே சறுக்கும் இடம் இது. பி மதிப்பு 0.05 என்றால் "மருந்து வேலை செய்யாமல் இருக்க 5% வாய்ப்பு, ஆக 95% நிச்சயம்" என்று எழுதுகிறார்கள். தவறு. பி மதிப்பைக் கணக்கிடும்போதே மருந்து வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கினோம், அப்படித் தொடங்கிய கணக்கு அந்த அனுமானமே உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எப்படிச் சொல்லும்? வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். 1000 புது யோசனைகளைச் சோதிக்கிறோம், அவற்றில் 100 மட்டுமே உண்மையில் பலனுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை அந்த 100-ல் 80-ஐக் கண்டுபிடிக்கிறது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் வெற்றி என்று கோடு போட்டால், மீதி 900 வெற்று யோசனைகளில் 5%, அதாவது 45, தற்செயலாகவே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மொத்தம் 125 "வெற்றிகள்", அதில் 45 பொய், 36%. ஒவ்வொரு சோதனையும் ஒழுங்காகத்தான் நடந்தது, யாரும் ஏமாற்றவில்லை, இருந்தும் மூன்றில் ஒன்றுக்கு மேல் தப்பு.

அந்த 0.05 இயற்கை விதி ஒன்றுமில்லை. 1925-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 20-ல் 1 என்பது ஒரு வசதியான எல்லை என்று எழுதினார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. துகள் இயற்பியலில் இதெல்லாம் போதாது. 2012-ல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது கேட்ட அளவு ஐந்து திட்ட விலக்கம், சுமார் 35 லட்சத்தில் 1. எல்லையை எங்கே வைப்பது என்பது தவறினால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது, துறைக்குத் துறை அது மாறத்தான் வேண்டும்.

பி மதிப்பில் இன்னொரு பெரிய குறை, விளைவு எவ்வளவு பெரியது என்று அது சொல்லாது. ஒரு நாணயத்தைப் பத்து லட்சம் முறை சுண்டி 50.2% தலை விழுந்தால் பி மதிப்பு 0.0001-க்கும் கீழே போய்விடும், ஆனால் அந்த நாணயத்தின் கோணல் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. தரவு போதுமான அளவு இருந்தால் எவ்வளவு அற்பமான வித்தியாசமும் கோட்டைத் தாண்டும். அதனால்தான் எந்த ஆய்வைப் பார்த்தாலும் முதலில் நம்பிக்கை இடைவெளியைத் தேடுங்கள் என்பேன். பி மதிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பிரினுக்கே வருவோம். ஒரு குழுவில் 2.17% பேருக்கு மாரடைப்பு, மற்றதில் 1.26%. வித்தியாசம் 0.91 சதவீதப் புள்ளி. இந்த எண்ணும் ஒரே ஓர் ஆய்வில் தற்செயலாகக் கிடைத்ததுதான், மறுபடி நடத்தினால் சற்று மாறும். அந்த மாற்றத்தின் அளவான திட்டப் பிழை இங்கே சுமார் 0.175. அதை 1.96-ஆல் பெருக்கி இருபக்கமும் தள்ளினால் 0.57-லிருந்து 1.25 வரை. இதுதான் 95% நம்பிக்கை இடைவெளி. அதாவது 1000 பேர் 5 ஆண்டு சாப்பிட்டால், ஏறத்தாழ 6 முதல் 12 பேர் வரை மாரடைப்பிலிருந்து தப்பலாம். "பி மதிப்பு மிகச் சிறியது" என்பதைவிட இது எவ்வளவு உபயோகமான வாக்கியம்! ஒரு மருத்துவர் இதை வைத்து முடிவெடுக்கலாம், நோயாளியிடம் அப்படியே சொல்லவும் செய்யலாம்.

95% என்பதற்கும் சரியான பொருள் தெரிந்திருக்க வேண்டும். 1937-ல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் இந்த முறையை வகுத்தபோது அந்த 95-ஐ முறையின் மேல் வைத்தார், தனித்தனி இடைவெளியின் மேல் அல்ல. இதே ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தி ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி போட்டால், நீண்டகாலத்தில் 100-க்கு 95 இடைவெளிகள் உண்மையான மதிப்பை உள்ளடக்கும். நம் கையில் இருக்கும் ஒன்று அந்த 95-ல் சேர்ந்ததா, தவறிய 5-ல் சேர்ந்ததா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. இடைவெளியைச் சுருக்குவதும் எளிதல்ல, பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும், எல்லாம் அந்த வர்க்கமூலத்தின் வேலை.

சோதனையும் இடைவெளியும் வேறு வேறு கருவிகள் இல்லை. ஒரே கணக்கில் போட்டால், 95% இடைவெளிக்கு உள்ளே இருக்கும் மதிப்புகள்தான் 5% மட்டத்தில் நாம் நிராகரிக்க முடியாதவை. அதே மருத்துவர்கள் ஆய்வில் பக்கவாதத்தைப் பாருங்கள். ஆஸ்பிரின் குழுவில் 119 பேர், போலி மாத்திரைக் குழுவில் 98 பேர். ஆபத்தின் விகிதம், அதாவது ஆஸ்பிரின் குழுவின் ஆபத்தை மற்றக் குழுவின் ஆபத்தால் வகுத்தால் வருவது, 1.22, பி மதிப்பு 0.15. கோட்டைத் தாண்டவில்லை, ஆகவே "ஆஸ்பிரினால் பக்கவாத ஆபத்து கூடுவதில்லை" என்று எழுதிவிடலாமா? இடைவெளி 0.93-லிருந்து 1.60 வரை இருக்கிறது. மாற்றமில்லை என்பதைக் குறிக்கும் 1 உள்ளே இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆபத்து 60% கூடுவதும் உள்ளேதான் இருக்கிறது! ஆதாரம் போதவில்லை என்பது வேறு, விளைவு இல்லை என்பது வேறு, இவை இரண்டையும் குழப்புவதால் நோயாளிகளுக்கு நிஜமான கேடு வரும்.

இடைவெளி கணக்கில் எடுப்பது தற்செயலை மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் கோணல் இருந்தால் எத்தனை லட்சம் பேர் சேர்ந்தாலும் பயனில்லை. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது, அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்.

ஆஸ்பிரின் ஆய்விலும் இருந்தவர்கள் ஆண்கள் மட்டும், அதுவும் மருத்துவர்கள் மட்டும். பெண்களுக்கு? 39,876 பெண்களை வைத்து, குறைந்த அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லிகிராம் கொடுத்து நடந்த ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. மாரடைப்புக்கு ஆபத்தின் விகிதம் 1.02, இடைவெளி 0.84 முதல் 1.25. பக்கவாதத்துக்கு 0.83, இடைவெளி 0.69 முதல் 0.99, பி மதிப்பு 0.04. ஆண்களிடம் தெரிந்ததற்கு ஏறக்குறைய தலைகீழ். அந்த 0.99-ஐ மட்டும் இன்னொரு முறை பாருங்கள். "பக்கவாதம் குறைகிறது" என்று தலைப்புப் போட அது இடம் கொடுக்கிறது, ஆனால் அந்தக் குறைவு 31% ஆகவும் இருக்கலாம், வெறும் 1% ஆகவும் இருக்கலாம்.