அரசு லேப்டாப்: யாருக்கு வரும், வந்தா வீட்டுல எங்க வைக்கணும்

போன வாரம் எதிர் வீட்டு அக்கா கேட்டாங்க, "தம்பி, காலேஜ்ல லேப்டாப் தர்றாங்களாமே, எம்பொண்ணுக்கும் வருமா, எங்க எழுதிக் குடுக்கணும்"னு. இதே கேள்வி நிறைய பேருக்கு இருக்கு, அதான் தெரிஞ்சத எழுதுறேன்.

இது புது திட்டம் இல்லங்க. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்கு ஜெயலலிதா ஆரம்பிச்சு வச்சது. அப்போ அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல ப்ளஸ் டூ படிக்கிற பசங்களுக்கு வந்துச்சு, அரசோட எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட் தான் மொத்தமா வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம் கொரோனா சமயத்துல நின்னுபோச்சு, ஆன்லைன் கிளாஸ் நடந்து லேப்டாப் ரொம்ப தேவைப்பட்ட நேரத்துல இல்லாம போனது எனக்கு இன்னும் வருத்தம் தான்.

2025-26 பட்ஜெட்ல அமைச்சர் தங்கம் தென்னரசு திரும்ப அறிவிச்சாரு, 2 வருஷத்துல 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு, முதல் வருஷத்துக்கு 2,000 கோடி ரூபாய். 2026 ஜனவரியில குடுக்க ஆரம்பிச்சாங்க. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, படிப்புக்கு தாராளமா போதும்.

முக்கியமா ஒண்ணு, இதுக்கு நாம தனியா எங்கயும் அப்ளை பண்ண வேண்டாம், காலேஜ் மூலமா தான் வரும். வாட்ஸ்அப்ல "இலவச லேப்டாப், இங்க க்ளிக் பண்ணுங்க"ன்னு லிங்க் வந்தா தொடாதீங்க, ஆதார் நம்பர் ஓடிபி எதையும் குடுக்காதீங்க. சந்தேகம்னா நேரா காலேஜ் ஆபீஸ்ல கேளுங்க.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். நிறைய வீட்டுல லேப்டாப்ப துண்டுல சுத்தி பீரோவுல வச்சிடுறாங்க, கெட்டுப்போயிடும்னு பயம். தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, ஹால்ல எல்லாரும் பாக்குற இடத்துல வைங்க. மூத்தவளுக்கு வந்த லேப்டாப்ல ஒன்பதாவது படிக்கிற தம்பியும் படிக்கலாம், பள்ளிக் கல்வித் துறையோட மணற்கேணிங்கிற வெப்சைட்டுல 6-ல இருந்து 12 வரைக்கும் பாடம் தமிழ்லயே வீடியோவா இருக்கு, காசு கிடையாது. பக்கத்துல உக்காந்து "இது என்னடா"ன்னு கேளுங்க, உங்களுக்கு எழுதப் படிக்க வரலன்னாலும் பரவால்ல, புள்ள உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே அதுக்குப் பாதி பாடம் புரிஞ்சிடும்.

வீட்டுல லேப்டாப் இருந்தா அடுத்த புள்ள காலேஜ் சேரும்போதும் உதவும். இஞ்சினியரிங் கவுன்சிலிங் ஆன்லைன்ல தான் நடக்குது, காலேஜ் லிஸ்ட்ட வரிசைப்படுத்தி போடணும், ரேங்க்கோட சேத்து அந்த வரிசையும் தான் சீட்ட முடிவு பண்ணுது. அத பிரவுசிங் சென்டர்ல அரை மணி நேரத்துல, பின்னாடி நாலு பேர் நிக்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் போட்டுக் குடுக்குறாரு, பாஸ்வேர்டு கூட அவரோட நோட்டுல தான் இருக்கும்.

அந்த எதிர் வீட்டு அக்கா வீட்டுல போன வருஷம் சொந்தக்கார பையனோட லேப்டாப்ப ரெண்டு நாள் வாங்கி வச்சு இந்த லிஸ்ட்ட போட்டாங்க. அப்பா டிரைவர், எந்த காலேஜுக்கு எந்த பஸ் போகும், எத்தன மணிக்கு கெளம்பணும்னு அவருக்குத் தான் தெரியும். ராத்திரி சாப்பிட்டு முடிச்சு "இத மேல போடும்மா, அத கீழ எறக்கு"ன்னு அவர் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு லிஸ்ட்ட மாத்திக்கிட்டே இருந்துச்சு.