வளைந்த பலகையை நிமிர்த்தாதீர்கள்

ஜெர்மன் ஓவியர் ஸ்டெஃபான் லோஹ்னர் 1435 வாக்கில் மரப்பலகையில் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' பலிபீட ஓவியத்தின் நடுப்பலகை கொலோனில் வால்ராஃப்-ரிஹார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பக்கக் கதவுகள் அங்கே இல்லை. இருபுறமும் ஓவியம் இருந்த அந்தக் கதவுகளைப் பின்னாளில் தடிமன்வாக்கில் பிளந்துவிட்டார்கள். அப்போஸ்தலர்கள் கொல்லப்படும் உட்புறக் காட்சிகள் பிராங்க்ஃபர்ட்டின் ஸ்டேடல் அருங்காட்சியகத்துக்குப் போயின. புனிதர்கள் நிற்கும் வெளிப்புறம் மியூனிக்கின் ஆல்ட்டே பினாகோடெக் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இப்படிப் பிளப்பது மரத்துக்கு ஏன் ஆகாது? ஓக் பலகை நார் ஓடும் நீளவாக்கில் அசையாது. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கினால், ஒரு மீட்டர் அகலத்தில் பல மில்லிமீட்டர் குறைந்துவிடும். இருபுறமும் வண்ணம் பூசியிருந்தால் ஈரம் இருபக்கமும் ஒரே நிதானத்தில் போய்வரும். ஒருபுறம் வெறும் மரமாகிவிட்டால் அந்தப் பக்கம் முதலில் உப்பும். மற்ற பாதி இடங்கொடுக்காததால் உப்பிய பக்கத்தின் நார்கள் நசுங்கும். காயும்போது அந்தப் பக்கம் முன்பிருந்ததைவிடச் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இதே நடந்தால், பலகை முன்பக்கம் புடைத்து வளையும்.

இந்த வளைவு நோயல்ல, மரம் தேடிக்கொண்ட சமநிலை. 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பவர்கள் அதை நோயென்று எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கத்தை இழைப்புளியால் சீவி மெலிதாக்கினார்கள். நார்வாக்கில் கட்டைகளை ஒட்டி, அவற்றின் துளைகளில் குறுக்குச் சட்டங்களைச் செருகினார்கள். சட்டங்கள் நகர்ந்து கொடுக்கும் என்பது கணக்கு. நடப்பில் நாளடைவில் அவை இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு அறைக்காற்று வறண்டதும், சுருங்க வழியில்லாத பலகை இணைப்போரமாக வெடிக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று செய்த வேலைதான் பல பலகைகளைக் கெடுத்திருக்கிறது.

சேதத்தைப் பார்க்க டார்ச்சை ஓவியப் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நார்வாக்கில் நீண்ட மேடுகள் தெரிந்தால், கீழே சுண்ணாம்புப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த அடிப்பூச்சு மரத்தை விட்டு எழும்பியிருக்கிறது. அங்கே தூசி தட்டக்கூடாது, தூரிகைகூட வேண்டாம். ஓவியத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்க வைத்துவிட்டு வல்லுநரைக் கூப்பிடுங்கள். அவர் மெல்லிய தாள் வழியாக, நீர்த்த ஸ்டர்ஜன் மீன் பசையை நுண்தூரிகையால் உள்ளே இறக்கி, இளஞ்சூட்டில் அழுத்திப் படியவைப்பார்.

தங்கப் பின்னணியில் ஈரப் பஞ்சே ஆகாது. அங்கே தங்க ரேக்கை ஏந்தி நிற்பது பசை கலந்த செங்களிமண். பசை தண்ணீரில் இளகும். ஒரு முறை துடைத்தாலே தங்கம் பஞ்சோடு வந்து சிவப்பு தெரியும். சில பழைய ஓவியங்களில் அப்படித் தெரியும் சிவப்பை 'காலத்தின் அழகு' என்று மெச்சுகிறவர்கள் உண்டு. பல இடங்களில் அது யாரோ துடைத்த தடம்.

மாட்டும்போது ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். அந்த அளவைவிட, ஈரப்பதம் சட்டென்று ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். ஹீட்டருக்கு மேலும், குளிர்ந்த வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டகத்தின் உள்விளிம்பைப் பலகையின் வளைவுக்கேற்ப வெட்டி, ஆணிக்குப் பதில் வில்தகடு வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.