கிட்பாஷிங் – தமிழில் மாற்றுக்கட்டு

கடையில் வாங்கிய ஒரு மாதிரி ரயில் பெட்டியையோ எஞ்சினையோ வெட்டி, கூட்டி, குறைத்து, வேறொரு நிஜ வண்டியின் தோற்றத்துக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் கிட்பாஷிங். நிறத்தை மட்டும் மாற்றினால் அது கிட்பாஷிங் ஆகாது, உடம்பில் கத்தி பட வேண்டும்.

‘கிட்’ என்பது பழைய டச்சு மொழியில் மரப்பாத்திரத்தைக் குறித்த சொல். ஆங்கிலத்துக்கு வந்து படைவீரனின் மூட்டைமுடிச்சு ஆகி, பிறகு நாமே பொருத்திச் செய்யும் உதிரிப்பாகத் தொகுதிக்குப் பெயரானது. ‘பாஷ்’ என்றால் ஓங்கி அடிப்பது.

மட்டக்களப்புக்கு 1928 முதல் கோச்சி வருகிறது. கொழும்பிலிருந்து வரும் உதய தேவி ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதையே மேசைமேல் ஓட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. ஆனால் கனடாவிலோ சுவிஸிலோ இருந்து மாமா வாங்கிவரும் பெட்டிக்குள் இருப்பது அந்த நாட்டு வண்டிதான். அதை நம்முடையதாக்கத்தான் இந்த வேலை.

இலங்கை ரயில்வேயின் எம்2 டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா தந்து, அல்பேர்ட்டா போன்ற மாகாணப் பெயர்களோடு வந்தவை இந்த வகையில் முதலாவதானவை. அமெரிக்க ஜிபி9 எஞ்சினுக்கு இது உறவுக்காரன், இரண்டுமே ஜெனரல் மோட்டோர்ஸ் வடிவமைப்பு. ஜிபி9க்கு 16 சிலிண்டர், எம்2க்கு 12. ஆகவே ஜிபி9 மாதிரியின் நீண்ட கூட்டை நடுவில் அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து ஒட்ட வேண்டும். இணைப்பில் பட்டி பூசி, காய்ந்ததும் நீர்த்தாளால் தேய்க்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டினால் தடக்கக் கூடாது, தடக்கினால் பெயின்ற் அடித்த பிறகு அந்தக் கோடு கட்டாயம் தெரியும். அப்புறம் சக்கரம்: ஜிபி9இல் ஒரு போகிக்கு (சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டம்) இரண்டு அச்சு, எம்2இல் மூன்று. போகியையும் மாற்றாவிட்டால் விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

தண்டவாளத்தில்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. மேசையில் ஓட வேண்டும் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உருமாற்றம்’ தவளைக்கும் பொருந்தும், புழுவுக்கும் பொருந்தும். ‘வெட்டி ஒட்டுதல்’ கணினிக்குப் போய்விட்டது. நம் பக்கத்தில் தோணி கட்டுவார்கள், வண்டில் கட்டுவார்கள், லொறிக்குப் பொடி (body) கட்டுவார்கள். ஊர்தி என்றாலே கட்டுதான். அதனால் ‘மாற்றுக்கட்டு’ என்றே வைத்துக்கொள்ளலாம். வினையாக வரும்போது ‘மாற்றிக்கட்டு’. எதையும் வாங்காமல் தகட்டிலிருந்தே செய்யும் ஸ்க்ராச்பில்டிங்குக்கு ‘புதுக்கட்டு’.

கூடவே இன்னொரு சொல்லையும் திருத்த வேண்டும். இந்தத் துறையில் ‘புரோட்டோடைப்’ என்றால் சோதனைக்குச் செய்த முதல் வடிவம் அல்ல, பாதையில் ஓடும் நிஜ வண்டி. அகராதியைப் பார்த்து ‘முன்மாதிரி’ என்று எழுதினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். ‘மூலவண்டி’ என்று எழுதலாம்: “ஜிபி9ஐ எம்2 ஆக மாற்றிக்கட்டினேன், மூலவண்டி அல்பேர்ட்டா.”